கட்டியாச்சுன்னா அப்புறம் எதுக்கு மன்னிப்பு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சி.எஸ்.ஐ. குடும்பம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு அண்ணன், "பாவம் என்பது கடவுளிடம் நாம் பட்ட கடன், அதைக் கட்டாமல் அவர் மன்னித்தால் அவர் நீதியுள்ளவரே இல்லை, அதனால்தான் இயேசு வந்து நம் கடனைக் கட்டினார்" என்று பேசினார். மனதுக்கு நிறைவாக இருந்தது. விடுதியில் என் அறைத்தோழி முஸ்லிம். அவளிடம் இதைச் சொன்னபோது, "கட்டியாச்சுன்னா அப்புறம் எதுக்கு மன்னிப்பு? மன்னிச்சாச்சுன்னா எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூன்று நாளாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. – ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் தோழியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், நல்ல கேள்வி. இது வெளியிலிருந்து வந்த கேள்வி என்று நினைத்துப் பதறாதீர்கள், கிறிஸ்தவர்களே தங்களுக்குள் 900 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான். 1098-ல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்த நூலில் போசோ என்ற துறவி அவரிடம் கிட்டத்தட்ட இதையே கேட்கிறார்: நாம் கட்டிவிட்டோம் என்றால் மறுபடி ஏன் "மன்னியும்" என்று ஜெபிக்கிறோம், கட்டவில்லை என்றால் நடக்காத ஒன்றை ஏன் கேட்கிறோம்? அப்புறம் 1578-ல் ஃபாஸ்தோ சொசினி என்ற இத்தாலியர் இதை இன்னும் கூர்மையாகத் தீட்டி, கட்டப்பட்ட கடன் மன்னிக்கப்பட்ட கடன் ஆகாது, மன்னிக்கப்பட்ட கடன் கட்டப்பட்ட கடன் ஆகாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். அந்தப் புத்தகம் 1594-ல் அச்சானதும் ஐரோப்பா முழுக்க மறுப்பு எழுதினார்கள். ஆகவே உங்கள் தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாவத்தைக் கடன் என்று சொன்னது அந்த அண்ணன் அல்ல, இயேசுவே சொன்னதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12 "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றே இருக்கிறது. ஆலயத்தில் சொல்லும்போது நாம் "குற்றங்களை" என்று மாற்றிச் சொல்லிப் பழகிவிட்டதால் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. லூக்கா அதே ஜெபத்தைப் "பாவங்களை" என்று எழுதுகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான், ஹோபா என்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது உவமையாகக்கூடத் தோன்றியிருக்காது, அன்றாடப் பேச்சு.

அப்படியென்றால் கடனைப் பற்றி இயேசு சொன்ன கதைகளில் அந்தக் கடன் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா? லூக்கா 7-ல் ஒரே ஆளிடம் ஒருவன் 500 வெள்ளிக்காசு கடன்பட்டிருக்கிறான், இன்னொருவன் 50. "கடனைத் தீர்க்க அவர்களுக்கு நிர்வாகமில்லாதபோது, இருவருக்கும் கடனை மன்னித்துவிட்டான்." இந்த "நிர்வாகமில்லாதபோது" என்ற சொல்லை நான் சின்ன வயதிலிருந்து வாசித்துவருகிறேன், ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் எங்கோ போய்த் தைக்கும். வக்கில்லை, வழியில்லை, அவ்வளவுதான் காரணம். யாரும் நடுவில் வந்து கட்டவில்லை.

மத்தேயு 18-ல் ஒரு வேலைக்காரன் ராஜாவிடம் பட்ட கடன், தொகை இன்னும் பெரிது, பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிக்காசு, ஒரு காசு ஒரு நாள் கூலி. அப்படியானால் 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம். இன்னொரு விதமாகச் சொல்கிறேன். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருஷ வருமானம் 200 தாலந்து என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார், அந்தக் கணக்கில் இது அந்த நாட்டின் 50 வருஷ வரிப்பணம். கேட்டுக்கொண்டிருந்த மீனவரும் குத்தகை விவசாயிகளும் வாயைப் பிளந்திருப்பார்கள். அந்தக் கடனை ராஜா என்ன செய்தார்? மனதிரங்கி விட்டுவிட்டார். இளவரசன் வந்து கட்டினான் என்று கதையில் இல்லை. இருந்திருந்தால் அது வேறு கதை.

ஆக, உங்கள் தோழி சொன்னதில் பாதி சுவிசேஷத்திலேயே இருக்கிறது. மன்னிப்பு என்றால் வசூல் அல்ல. கட்டினால்தான் விடுவேன் என்கிறவரைக் கடன் கொடுத்தவர் என்று சொல்லலாம், மன்னித்தவர் என்று சொல்ல முடியாது. இதை ஒத்துக்கொள்வதால் உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது.

ஆனால் அந்த அண்ணனும் வெறுமனே தப்பாகப் பேசவில்லை, அவர் ஒன்றைப் பார்த்திருக்கிறார், சொன்ன விதத்தில்தான் கோணல். அது என்னவென்று சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும், எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். வாங்கினதை இடது பக்கமும் கொடுத்ததை வலது பக்கமும் எழுதுவார். தெருக்கோடியில் ஒரு கொத்தனார் குடும்பம், நாலு மாசப் பற்று சேர்ந்திருந்தது. அந்த மனுஷர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அந்த அக்கா கடைக்கு வந்து, நோட்டைப் பார்க்கக்கூட தைரியமில்லாமல் உப்பு மட்டும் கேட்டார். அப்பா உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்து, "இனிமே இது இல்ல, போம்மா" என்றார். நான் பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது அது ஏதோ மாயம் மாதிரி இருந்தது. ஒரு கோடு போட்டால் கடன் காணாமல் போய்விடுகிறதே! ஆனால் அந்த வியாழக்கிழமை மண்டியிலிருந்து வசூலுக்கு ஆள் வந்தார். அந்த அரிசியையும் பருப்பையும் அப்பா கடனுக்குத்தானே எடுத்திருந்தார். அன்று சாயங்காலம் அம்மா காதில் கம்மல் இல்லை, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி ஒடித்துச் செருகியிருந்தார். அடுத்த அறுப்பு வரைக்கும் அந்த ஈர்க்குச்சிதான்.

அந்த அக்கா ஒரு பைசா கட்டவில்லை. அப்பா யாரிடமிருந்தும் ஒரு பைசா வாங்கவும் இல்லை. ஆனால் அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடவில்லை, அது நோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மா காதில் உட்கார்ந்தது. கடன்பட்டவருக்கு மன்னிப்பு இலவசம். மன்னிக்கிறவருக்கு அது ஒருநாளும் இலவசம் இல்லை. சிலுவையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கோபமாக உட்கார்ந்திருக்கும், கடன் கொடுத்த ஒருவருக்கு வேறொருவர் வந்து பணம் எண்ணிவைத்த இடம் அல்ல அது, கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட இடம். பவுல் இதைக் கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்கிறார், "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" (2 கொரிந்தியர் 5:19). "எண்ணாமல்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது கணக்கில் எழுதுவதற்கான சொல். கணக்கில் ஏற்றவே இல்லை என்கிறார்.

சொசினியின் கேள்விக்கு அவராலேயே இந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அவர் இயேசுவைக் கடவுள் என்று ஏற்கவில்லை. இயேசு மூன்றாம் ஆள் என்றால் அது மூன்றாம் ஆள் கட்டின பணம்தான், மன்னிப்பு இல்லை. கடவுளே வந்தார் என்றால்தான் "கொடுத்தவரே சுமந்தார்" என்று சொல்ல முடியும். உங்கள் தோழி இந்த இடத்தில் நம்மோடு வரமாட்டார், கடவுளுக்கு எந்த நஷ்டமும் இல்லாமலே அவர் மன்னிக்க வல்லவர் என்பது அவருடைய நம்பிக்கை. அதைப் பற்றி நீங்கள் இருவரும் நிதானமாகப் பேசலாம். ஆனால் "உங்கள் கடவுள் வசூல் பண்ணிவிட்டுத்தான் மன்னிக்கிறார்" என்ற இடத்தில் நீங்கள் நிற்கத் தேவையில்லை.

கேள்வி: "கட்டாமல் மன்னிப்பு" என்று பேசுவது நவீனக் கருத்து. கடவுள் நீதிபதி. நீதிபதி குற்றவாளியைச் சும்மா அனுப்பினால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? அன்செல்ம், லூத்தர், கால்வின் எல்லாரும் பொய் சொன்னார்களா? – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்லவும் இல்லை, நாம்தான் மூவரையும் சேர்த்து ஒரே பிரசங்கமாக்கிவிடுகிறோம்.

அன்செல்மின் "கடன்" நம் பணக்கடன் அல்ல. தமிழ்ச் சொல்லை வைத்தே அவரைப் புரிந்துகொள்ளலாம், நமக்கு அந்த வசதி இருக்கிறது. நாம் காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்கிறோமே, அங்கெல்லாம் கடன் என்றால் செய்யவேண்டியது, செலுத்தவேண்டிய மரியாதை. அவருடைய லத்தீன் சொல்லிலும் இந்த இரண்டு பொருளும் உண்டு. படைத்தவருக்குரிய கனத்தை மனிதன் கொடுக்காமல் வைத்துக்கொண்டான், அதுதான் பாவம். அதைத் திருப்பிக் கொடுப்பதோடு அவமதித்ததற்காக மேலும் ஏதாவது கொடுக்க வேண்டும், ஆனால் மனிதனிடம் இருப்பதெல்லாம் ஏற்கெனவே கடவுளுக்குரியதுதான், உபரி என்று ஒன்றும் இல்லை. ஆகவே கொடுக்கவேண்டியவன் மனிதன், கொடுக்க முடிந்தவர் கடவுள், இரண்டும் ஒருவராக இருந்தாலொழிய வழியில்லை. நூலின் தலைப்பே கடவுள் ஏன் மனிதரானார் என்பதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அன்செல்முக்கு இரண்டே வழி, ஒன்று ஈடு, இல்லாவிட்டால் தண்டனை. கிறிஸ்து கொடுத்தது ஈடு, ஆகவே தண்டனை இல்லை. கிறிஸ்துவே நம் தண்டனையை வாங்கிக்கொண்டார் என்று வலியுறுத்தியது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள், முக்கியமாகக் கால்வின். நம் அக்கிரமங்களுக்காக அவர் நொறுக்கப்பட்டார் என்கிற ஏசாயா 53 அவர்களுக்குப் பலமான ஆதாரம், அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் "கடன் கட்டுதல்" வேறு, "தண்டனை ஏற்றல்" வேறு. கடனை அடுத்தவர் கட்டலாம், வங்கிக்கு யார் பணம் என்பது பொருட்டல்ல. தூக்குத் தண்டனையை அடுத்தவர் ஏற்கலாமா? எந்த நீதிமன்றம் ஒத்துக்கொள்ளும்? இரண்டு உவமைகளையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும்போதுதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நீதிபதி பற்றிக் கேட்டீர்கள். இதற்குப் பதில் சொன்னவர் நவீனக்காரர் அல்ல, 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். தன் பெரிய இறையியல் நூலின் மூன்றாம் பாகத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: நீதிபதி ஒருவன் குற்றத்தைச் சும்மா விட முடியாது, ஏனென்றால் குற்றம் வேறொருவருக்கு எதிரானது, அவனுக்கு மேலேயும் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் கடவுளுக்கு மேலே யாரும் இல்லை, குற்றம் நடந்ததும் அவருக்கு எதிராகவே. தனக்குச் செய்த தீங்கை ஒருவன் ஈடு வாங்காமல் மன்னித்தால் அவனை இரக்கமுள்ளவன் என்போமே தவிர அநியாயக்காரன் என்று சொல்வதில்லை. ஆகவே சிலுவை இல்லாமலும் கடவுள் மன்னித்திருக்க முடியும். பிறகு ஏன் சிலுவை என்றால், அதுவே மிகவும் ஏற்ற வழி என்கிறார். கட்டாயம் என்று சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால் 4-ஆம் நூற்றாண்டில் நசியான்ஸ் நகர் கிரகோரியார் என்ற ஆயர். "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்", "மீட்கும்பொருள்" என்றெல்லாம் வேதம் பேசுகிறதே, அந்தக் கிரயம் யாருக்குப் போயிற்று என்று அவர் ஒரு பாஸ்கா (ஈஸ்டர்) பிரசங்கத்தில் நேராகவே கேட்கிறார். பிசாசுக்கா? அந்தக் கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா, கேட்கவே கூசுகிறது. பிதாவுக்கா? நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் இல்லையே. ஆபிரகாம் கையிலிருந்து ஈசாக்கைக்கூட ஏற்காதவர் சொந்தக் குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? இதையேதான் 12-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டும் ரோமர் நிருப உரையில் கேட்டார். வேதம் கிரயம் என்று சொல்கிறது, கொடுத்தவர் யார் என்று சொல்கிறது, வாங்கினவர் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நாம் இட்டு நிரப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஐயா சார்பில் நானே ஒரு வசனம் தருகிறேன், ஏனென்றால் இது என் பக்கத்துக்கு எதிராக நிற்கும் வசனம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதுகிறார், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்… நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று. ஜாமீன் கையெழுத்துப் போடும் அன்பு அது. லூத்தருக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், கிறிஸ்து நமக்குச் செய்ததையே பவுல் இங்கே ஒநேசிமுவுக்குச் செய்கிறார் என்பார். அது அழகான படம், நானும் அதை விரும்புகிறேன். ஆனால் அங்கே பிலேமோன் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கட்டும் என்றுதான் கடிதமே எழுதப்படுகிறது. பிதாவை நான் பிலேமோன் இடத்தில் வைக்க மாட்டேன்.

கேள்வி: இயேசு சிலுவையில் "முடிந்தது" என்று சொன்னாரே, அதற்கான கிரேக்கச் சொல் அந்தக் காலத்து ரசீதுகளில் "முழுவதும் கட்டியாயிற்று" என்று எழுதப்பட்டது என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். உண்மையா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: நானே பத்து தடவையாவது இதைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பேன். எகிப்தில் கிடைத்த பழைய சுங்கச் சீட்டுகளில் "தெதெல்" என்று ஒரு சுருக்கம் இருக்கிறது, அதிலிருந்து பிறந்த பேச்சு இது. ஆனால் அந்தச் சுருக்கத்தை அறிஞர்கள் "சுங்கம் செலுத்தப்பட்டது" என்ற வேறொரு வினையாக விரிக்கிறார்கள், யோவானில் இருக்கும் "தெதெலெஸ்தாய்" அல்ல. யோவானின் வினைக்கு வரி செலுத்துதல் என்ற பொருளும் இல்லாமல் இல்லை, மத்தேயு 17:24-ல் வரிப்பணம் பற்றிப் பேசும்போது அதே வினைதான் வருகிறது. ஆனால் இங்கே பொருள் என்ன என்று பார்க்க ரசீது தேவையில்லை, இரண்டு வசனம் மேலே போனால் போதும். யோவான் 19-ன் 28-ஆம் வசனத்தில் "எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து" என்று அதே சொல் வருகிறது, வேதவாக்கியம் நிறைவேறுவதைப் பற்றிய பேச்சு அங்கே நடக்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தவரின் சொல் அது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கிறது.

ரசீதுதான் வேண்டும் என்றால் கொலோசெயர் 2:14-க்குப் போங்கள். "நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து… சிலுவையின்மேல் ஆணியடித்து." இந்தக் "கையெழுத்து" கிரேக்கத்தில் கடன்பட்டவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் பத்திரம், நம் ஊர்ப் புரோநோட்டுதான். நம் ஊரில் கடன் தீர்ந்தால் நோட்டின் பின்பக்கம் வரவு வைத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்ட இடத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். பவுல் வரவு வைத்ததாக எழுதவில்லை. "குலைத்து" என்ற இடத்தில் துடைத்து அழித்தலைக் குறிக்கும் சொல்லைப் போடுகிறார். அன்றைய மை புகைக்கரியும் பிசினும் சேர்ந்தது, ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்துப் போய்விடும். கட்டி முடித்த பத்திரத்தை அல்ல, கட்டாத பத்திரத்தைத் துடைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கேள்வி: "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்று எபிரெயர் 9:22 திட்டமாகச் சொல்கிறதே? – சகோதரி ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: அந்த வசனத்தின் முதல் பாதியையும் சேர்த்து வாசியுங்கள், "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்" என்று இருக்கிறது. கொஞ்சங்குறைய என்று ஏன் சொல்கிறார்? லேவியராகமம் 5:11-ல் ஆடும் இல்லாத, இரண்டு காட்டுப்புறா வாங்கவும் வழியில்லாத ஏழை, எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைப் பாவநிவாரணத்துக்குக் கொண்டுவரலாம், மன்னிப்பு உண்டு. நாலு கைப்பிடி மாவு வைத்திருக்கும் அந்த ஏழையை மோசேயின் பிரமாணம் மறக்கவில்லை, எபிரெயர் எழுதினவரும் மறக்கவில்லை. இன்னொன்று, அந்த வசனம் பேசுவது சுத்திகரிப்பைப் பற்றி. கறை படிந்த இடத்தைக் கழுவுவது போல இரத்தம் பலிபீடத்தில் பூசப்படுகிறது, அது விலை எண்ணிக் கொடுப்பது அல்ல. யோனா தீர்க்கதரிசி போன நினிவே நகரம் எந்தப் பலியும் கொண்டுவரவில்லை, மனம் திரும்பியது, தப்பியது. கட்டிலோடு கூரை வழியாக இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொன்னபோது சிலுவை இன்னும் வரவில்லை.

கேள்வி: நீங்கள் அடிக்கடி சொல்லும் மத்தேயு 18 கதையில் கடைசியில் ராஜா மறுபடியும் அந்தக் கடனைக் கேட்கிறாரே, "பட்ட கடனையெல்லாம் கொடுத்துத் தீர்க்குமளவும்" உபாதிக்கிறவர்களிடம் ஒப்புக்கொடுக்கிறாரே. இது மன்னிப்பா? – வாசகர், வேலூர்

பதில்: இந்தக் கதையில் எனக்கும் கஷ்டமான இடம் இதுதான், பூசி மெழுக மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கடனை யாரோ ஏற்கெனவே கட்டியிருந்தால் ராஜா மறுபடி கேட்க முடியுமா? இரண்டு தடவை வசூல் அநியாயம் அல்லவா? மறுபடி கேட்க முடிகிறது என்பதே, கட்டப்படாமல் விடப்பட்ட கடன் அது என்பதைக் காட்டுகிறது. 2 லட்சம் வருஷக் கூலிக்குச் சமமான கடன் மன்னிக்கப்பட்டு வந்தவன் வாசலிலேயே 100 நாள் கூலிக்காகக் கூட்டாளியின் தொண்டையை நெரிக்கிறான். அவன் ராஜாவின் மன்னிப்பைக் கணக்கு முடிந்ததாக எடுத்துக்கொண்டானே தவிர, அது எந்த வழியில் வந்தது என்று பார்க்கவில்லை. மன்னிப்பு நடக்கும் வீட்டுக்குள் நிற்க அவனுக்கு மனமில்லை, கணக்கு நடக்கும் வீட்டுக்கே திரும்பிப் போனான், அங்கே அவனுடைய கணக்கும் காத்திருந்தது. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு எண்ணிக்கை கேட்டதற்குத்தான் இந்தக் கதை சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பி வீடு கட்ட 3 லட்சம் வாங்கினான். புரோநோட்டு இருக்கிறது. ஆறு வருஷமாகிறது, தருகிறேன் தருகிறேன் என்கிறான், வீட்டை மட்டும் மேல்மாடி எழுப்பிவிட்டான். "கடனை மன்னியும்" என்று தினமும் ஜெபிக்கும்போது வாய் தடுமாறுகிறது. மன்னிப்பது என்றால் பணத்தை விட்டுவிட வேண்டுமா? அடுத்த மாதம் அவன் மகள் கல்யாணம், பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். – அக்கா ஒருவர், திருச்சி

பதில்: அம்மா, இரண்டு தனித்தனி விஷயங்கள் உங்களுக்குள் ஒன்றாகிவிட்டன. உங்கள் தம்பிக்கு நிர்வாகமில்லாமல் இல்லை, மேல்மாடி எழுப்ப இருக்கிறது. கொத்தனார் மனைவியின் பக்கத்தில் என் அப்பா கோடு இழுத்தார் என்று மேலே சொன்னேன், ஆனால் கையில் காசை வைத்துக்கொண்டு இழுத்தடித்தவர்களை அவர் கேட்காமல் விட்டதில்லை. லூக்கா 19-ல் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வரும்முன் எதையும் கட்டச் சொல்லவில்லை, சாப்பிட வந்துவிட்டார். ஆனால் மன்னிப்புக் கிடைத்த மனிதன் எழுந்து நின்று, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நாலு மடங்கு கட்டியதால் இயேசு வரவில்லை, இயேசு வந்ததால் நாலு மடங்கு வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் கற்பிக்கிறது, பாவம் மன்னிக்கப்பட்டாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே பணத்தைக் கேட்பது பாவமில்லை. தம்பியின் மனசாட்சிக்கும் அது நல்லது.

நீங்கள் விடவேண்டியது தொண்டையில் வைத்திருக்கும் கையை. அவன் பெயரைக் கேட்டாலே எரிகிறது என்றால், சொந்தக்காரர்களிடமெல்லாம் அவனைப் பற்றிச் சொல்லி ஆறுதல் தேடுகிறீர்கள் என்றால், அதுதான் அந்தக் கை. அதை எடுப்பதற்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும், அவமானம், ஆத்திரம், "ஏமாந்துட்டியே" என்ற வீட்டார் பேச்சு, இதெல்லாம் உங்களோடு நின்றுவிட வேண்டும். மெதுவாகத்தான் வரும். பணத்தைக் கேட்பதானால் தம்பியைத் தனியாக உட்காரவைத்து, ஒரு தேதி சொல்லச் சொல்லுங்கள், மாதம் இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள், சத்தம் போடாமல். அதைக் கல்யாணத்துக்கு முன்னால் செய்யாதீர்கள், கல்யாணச் செலவுக்கு நடுவில் கேட்டால் அது கேட்பது ஆகாது. புரோநோட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும், கிழிப்பதா வேண்டாமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அத்தை சீர் என்று ஒன்று இருக்கிறதே, அதை உங்கள் கையாலேயே வாங்கி எடுத்துக்கொண்டு, முதல் நாள் ராத்திரியே போய்விடுங்கள்.